சோடாப் போத்தலின் அடியில் ஒரு பூ இருக்கிறது, தெரியுமா?

குப்பைக்குப் போகவிருக்கும் பிளாஸ்டிக் சோடாப் போத்தலை ஒருதரம் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஐந்து இதழ்! எண்ணிப் பாருங்கள், ஐந்துதான். தண்ணீர்ப் போத்தலில் இதைப் பெரும்பாலும் காணமாட்டீர்கள். வாயு அடைத்த பானம் வரும் போத்தலில்தான் இருக்கும். உள்ளே அமுங்கிக் கிடக்கும் வாயு தட்டையான அடியை வெளியே தள்ளிக் குண்டாக்கிவிடும். பிறகு போத்தல் மேசையில் நிற்காது, உருளும். அதைத் தடுக்கத்தான் அடியை ஐந்து கால்களாகப் பிரித்து வார்த்தார்கள். அழகுக்காக ஒரு கோடுகூடப் போடவில்லை. ஆனால் சுற்றிவரக் கத்தரித்து எடுத்துச் சிவப்பு பூசினால் அசல் செவ்வரத்தம்பூ!

இன்னும் கேளுங்கள். இந்தப் போத்தலை உருவாக்கிய நதானியல் வயத் யார் தெரியுமா? அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓவியர் அன்ட்ரூ வயத்தின் அண்ணன்! தகப்பன் என். சி. வயத்தும் பெயர் பெற்ற ஓவியர். வீடே தூரிகையும் வர்ணமுமாக இருக்க, இவர் மட்டும் டுபொன்ட் கம்பனியில் பொறியியலாளராகப் போய்ச் சேர்ந்தார். சவர்க்காரத் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலில் இஞ்சிச் சோடாவை ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்த்தாராம். போத்தல் வீங்கிப்போயிற்று. வீங்காத போத்தல் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று 1973 இல் காப்புரிமை பெற்றார். ஆக, நீங்கள் கத்தரிக்கோல் வைப்பது ஓர் ஓவியர் குடும்பத்துப் பிள்ளையின் படைப்பில்!

அந்தப் போத்தலுக்கு ஞாபகசக்தி வேறு உண்டு. ஆலையில் அது முதலில் பிறப்பது சிறிய தடித்த குழலாக; கழுத்தும் மூடிப் புரியும் அப்போதே தயார். பிறகு சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, காற்றை ஊதிப் பெருப்பிக்கிறார்கள். இழுபட்டு நீண்ட அந்தப் பிளாஸ்டிக் 70, 80 பாகை செல்சியஸ் சூடு பட்டதும் மறுபடி பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். கைவேலைக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? போத்தலின் அடிப்பாகத்தை நாலு விரல் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டின விளிம்பு கையைக் கீறும், கவனம். அயன்பெட்டியை நடுச்சூட்டில் வைத்து, அதன் மேல் கேக் சுடும் எண்ணெய்த்தாளை விரித்து, விளிம்பை மெல்ல அழுத்துங்கள். சில செக்கன்தான். விளிம்பு தானாகவே உட்பக்கம் மடிந்து, உருண்டு, குழந்தை தொட்டாலும் கீறாத கரையாகிவிடும்! இப்படி இரண்டு அடிகளைச் செய்து, கிழிந்த களுசானில் இருந்து கழற்றிய சிப்பை நடுவில் வைத்துத் தைத்தால், பளிங்காய் மின்னும் காசுப்பெட்டி. யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், கருகவிட்டால் மணக்கும். வெடித்துப்போன தும்புத்தடிப் பிடி இருக்கிறதா? போத்தலில் வெட்டிய வளையத்தை அதில் மாட்டிக் கொதிதண்ணீர் ஊற்றுங்கள். சுருங்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும், ஆணி தேவையில்லை.

2019 உலகக் கிண்ணத்தில் இலங்கை கிரிக்கெட் அணி போட்டிருந்த சட்டை எதில் செய்தது தெரியுமா? கடற்கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கில்! கடற்படையினர் கரையில் சேர்த்த குப்பை நூலாகி, எம்.ஏ.எஸ். நிறுவனத்தில் சட்டையாகி, நெஞ்சில் ஒரு கடலாமையோடு இங்கிலாந்துக்குப் போனது. அணி ஆறாம் இடத்தில் நின்றது போத்தலின் பிழையில்லை. போத்தலை நூலாக்குவதையே தொழிலாகச் செய்யும் ஆலை ஹொரணையில் இருக்கிறது. ஈகோ ஸ்பின்டில்ஸ் என்று பெயர். போத்தலை நொறுக்கி உருக்கிப் பொலியெஸ்டர் நூலாக இழுக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு சண்டை பிடிக்காமல் போக முடியாது. பழைய போத்தலுக்கு மேல் முதலில் வெள்ளைப் பூச்சு, பிறகு பொன்வர்ணம், அதற்கு மேல் மினுக்கத் தூள், ஒட்டுமணி, சரிகை நாடா, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் ரோசா. புறக்கோட்டையில் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சாமான் வாங்கி, சும்மா கிடந்த போத்தலை மூடி மறைத்தால் அதற்குப் பெயர் கைவேலையா? அந்தப் போத்தல் முன்பு தனியே ஆலைக்குப் போயிருக்கும். இப்போது பசையும் தூளும் ஒட்டி எந்த ஆலைக்கும் உதவாத குப்பை. பொருளிடம் ஏற்கெனவே ஒரு குணம் இருக்கிறது. சுருங்கும், பளபளக்கும், பிசுபிசுக்கும், வளையும். அந்தக் குணத்தை வேலைக்கு வைத்தால் போதும், மினுக்கத் தூள் தேவையே இல்லை.

காகிதத்தைப் பாருங்கள். காலிமுகத்திடலில் கடலை வாங்கினால் சுருளைப் பிரித்துப் படித்திருப்பீர்கள்தானே? யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாள். சிவப்பு மையில் பிழைக்குறி வேறு! கடலை தீர்வதற்குள் அந்தப் பிள்ளை எந்தப் படியில் சறுக்கியது என்று கண்டுபிடித்துவிடலாம். இலங்கையில் எவ்வளவோ காலமாக நடக்கும் மறுபயன்பாடு இது. யாரும் அதற்குக் கண்காட்சி வைத்ததில்லை. அதே காகிதம் 2022 மார்ச்சில் தங்கமாகியதும் நினைவிருக்கும். டொலர் இல்லாமல் காகித இறக்குமதி நின்று, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். ‘த ஐலண்ட்’ பத்திரிகையின் சனிக்கிழமைப் பதிப்பு அச்சில் வராமல் நின்றது.

வெள்ளவத்தை வீடுகளில் அலுமாரிக்கு மேல் அடுக்கிக் கிடக்கும் பழைய ‘வீரகேசரி’யை என்ன செய்யலாம்? ‘போத்தல், பேப்பர்’ என்று கூவி வருபவருக்கு நிறுத்துக் கொடுக்கலாம். அல்லது வெந்தயம் ஊற வைக்கலாம். ஆமாம், வெந்தயம்! அந்தக் காலத்துத் தமிழ்ப் பெண்கள் காகிதக்கூழில் பெட்டி செய்யப் பாவித்த பசை அதுதான், தெரியுமா? பத்திரிகையைத் துண்டு துண்டாகக் கிழித்து, கையில் பிசைந்தால் மசியும் வரை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊற விடுவார்கள். நன்றாகப் பிழிந்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து உரலில் இடிப்பார்கள். வெந்தயம் ஊறும்போது வழவழவென்று ஒரு பிசின் விடும். அதன் பெயர் கலக்டோமனன். உணவு ஆலைகள் சோஸையும் ஐஸ்கிறீமையும் கெட்டியாக்கப் போடும் கொத்தவரைப் பிசினின் நெருங்கிய சொந்தம்! இடித்த கூழைக் கவிழ்த்த பானையின் முதுகில் ஒரு விரல் தடிப்பில் அப்பி, தட்டித் தட்டிச் சமன் செய்து, வெயிலில் காய விடுவார்கள். காய்ந்ததும் பானையைக் கழற்றினால் கையில் ஒரு பெட்டி. இலேசு, உறுதி, விழுந்தாலும் உடையாது. சுளகின் ஓட்டைகளை அடைக்கவும் இதே பூச்சுத்தான். கோதுமை மாப் பசையில் ஒட்டினால் கரப்பானும் பூச்சியும் தேடி வரும். வெந்தயக் கசப்புக்கு அவை கிட்ட வராது என்பது பாட்டிமாரின் கணக்கு. கொழும்பில் இதைச் செய்ய ஜனவரி, பெப்ரவரிதான் நல்ல காலம். மழை மாதத்தில் தொடங்கினால் பெட்டி காய்வதற்கு முன் பூஞ்சணம் முந்திவிடும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால் காகிதத்துக்கு இன்னொரு பிறவி. சீமெந்துப் பைக்குள் ஒரு மலை இருக்கிறது! மார்கழியில் பாலன் குடில் கட்டுபவர்களுக்குத் தெரியும். பழைய காகிதச் சீமெந்துப் பையை உதறிக் கழுவி, ஈரத்தோடு கசக்கி, கஞ்சிப் பசை தோய்த்து, கவிழ்த்த பலகைப் பெட்டிகளின் மேல் போர்த்திவிட்டால், காய்ந்ததும் அப்படியே பாறை. மடிப்பெல்லாம் மலையிடுக்கு. கரித்தூளும் செங்கல்தூளும் தூவினால் நிழலும் வெளிச்சமும் வந்துவிடும். வாசலில் தட்டில் குரக்கன் விதைத்துப் புல். கடையில் விற்கும் பச்சைப் பிளாஸ்டிக் புல் இதற்குக் கிட்ட நிற்குமா? சீமெந்து ஆலை அந்தக் காகிதத்தைத் தடித்த நார்க்காகிதமாகத் தேர்ந்தெடுத்ததே 50 கிலோப் பாரத்தில் கிழியக்கூடாது என்றுதான். கசக்கினால் மடிப்பு நிலைப்பதும் அதே நாரால்தான். முதலாவது குடில் எப்போது அமைத்தார்கள் தெரியுமா? 1223 இல், இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில், அசிசி பிரான்சிஸ் அமைத்ததாம். எண்ணூறு ஆண்டு கழித்துக் கொட்டாஞ்சேனைச் சந்துகளில் அதற்குச் சீமெந்துப் பை!

துணிக்கு வருவோம். ஹெவ்லொக் சிற்றி மாடிக் கோபுரங்கள் நிற்கும் நிலத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா? வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை! 1933 இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தொழிற்சங்கப் பாடம் படித்தார்கள். ஆலை போய்விட்டது. காலி வீதியின் சேலைக் கடைகள் மட்டும் குறைவில்லாமல் நிற்கின்றன. நம் அலுமாரிகளும் நிறைந்து வழிகின்றன.

பழைய பருத்திச் சேலை ஏன் புதுசைவிட மிருது? நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். துவைக்கத் துவைக்க அந்தக் கஞ்சி கழன்று, நூலின் இறுக்கமும் தளரும். அதனால்தான் குழந்தைக்கு ஏணை கட்டப் பெட்டியில் இருக்கும் புதுச் சேலையை யாரும் எடுப்பதில்லை. அம்மம்மாவின் பழைய நூல் சேலைதான் வேண்டும். அதே சேலையை மூன்று, நாலு மடிப்பாக வைத்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் வங்காளத்துக் காந்தா. அங்கே தையலுக்கு நூலையும் பழைய சேலைக் கரையில் இருந்தே உருவி எடுத்தார்கள்!

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், ஆபிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கிழிந்த உடுப்புகளை ஒட்டுப்போட்டுக் கவண்டி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். கடைசியில் நாலு மூலையிலும் முக்கோணத் துணியை மடித்து ஒரு சின்னப் பூ வைக்க வேண்டும். பூ இல்லாவிட்டால் அந்தப் போர்வை அம்மணமாம்! அலங்காரம் என்றால் அவ்வளவுதான்: நாலு மூலை, நாலு பூ.

ஆனால் துணித்துண்டில் நான் அறிந்த பெரிய அதிசயம் விரலளவு பொம்மை ஒன்று. 2004 மார்கழி ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் ஆரோவில் பக்கத்து மீனவக் கிராமங்களில் பெண்கள் கடலைப் பார்க்கவே பயந்துபோய் இருந்தார்கள். உபாசனா என்ற ஆடை வடிவமைப்பகம் தையலில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தது. அவர்கள் செய்த குட்டிப் பொம்மைக்கு ‘சுனாமிகா’ என்று பெயர் வைத்தார்கள். விலை? விலையே கிடையாது! விற்பதில்லை, பரிசாகத்தான் கைமாறும். நன்கொடையில்தான் செய்தவர்களுக்குக் கூலி. இலட்சக்கணக்கில் உலகம் சுற்றிவிட்டது அந்தப் பொம்மை. நம் கரையோரமெல்லாம் அடித்ததும் அதே அலைதானே. இங்கே ஆடைத்தொழிற்சாலை வெட்டுத்துண்டுகள் வீதியோரத்தில் கால்மிதியாக விலைப்படுகின்றன. நல்ல கால்மிதி, குறை சொல்லவில்லை. பொம்மையாகவும் ஆகலாம் என்கிறேன்.

கூறைச்சேலை பற்றி ஒரு வார்த்தை: வெட்டாதீர்கள். பழைய அசல் சரிகையில் பெரும்பங்கு வெள்ளி, தங்கம் ஒரு வீதத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டில் பழைய பட்டுச் சேலை வாங்குவோர் அதை உருக்கி வெள்ளி எடுக்கிறார்கள். தலையணை உறை தைக்க முன் கரையை ஒருதரம் யாரிடமாவது காட்டிப் பாருங்கள்.

போத்தலில் விளக்கு வைத்து வீட்டை அலங்கரிப்பது இப்போது எங்கும் நாகரிகம். யாழ்ப்பாணத்து ஜாம் போத்தல் விளக்கைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? வெள்ளவத்தையில் நாற்பத்தைந்து வயது தாண்டிய யாழ்ப்பாணத்தவர் யாரைக் கேட்டாலும் கண் மின்னும். 1990 இல் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை. பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் அளந்து கிடைத்தது, நெருப்பு விலையில். அரிக்கன் லாம்பு குடிக்கும் எண்ணெய் கட்டுப்படியாகவில்லை. அப்போது யாரோ ஒரு புண்ணியவான், பெயர் தெரியாது, ஜாம் போத்தலை எடுத்தார். அடியில் பஞ்சு, பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். பழைய சைக்கிள் ரியூபின் வால்வுக் குழலைக் கழற்றி, அதற்குள் மெல்லிய திரியைக் கோத்துப் பஞ்சின் மேல் நிறுத்தினார். போத்தலின் கழுத்தில் கம்பி, தூக்கிப் பிடிக்க. அவ்வளவுதான்! போத்தல் சுவரே சிமினி, காற்றுக்கு அணையாது. குழல் ஒடுக்கமாதலால் திரி எண்ணெயைத் துளித்துளியாகத்தான் இழுக்கும். பஞ்சில் எண்ணெய் ஊறியிருப்பதால் தட்டுப்பட்டுக் கவிழ்ந்தாலும் ஊற்றுண்டு தீப் பிடிக்கும் பயம் குறைவு. ஒரு தலைமுறை அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதும் அதே வீடுகளில்தான். சுற்றுபவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார்!

2022 மார்ச் கடைசியில் கொழும்பிலும் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது, வெள்ளவத்தை மாடிவீடுகளில் இருந்த பழசுகளுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

விளையாட்டுச் சாமானும் அப்படித்தான். ஊரில் நுங்கு குடித்து எறிந்த கோம்பை இரண்டைத் தடியில் கோத்துக் கவட்டுத்தடியால் தள்ளினால் வண்டில். கொழும்புக்கு வந்தால் கோம்பை ஏது? ரின்மீன் பேணி உடம்பு, தேய்ந்த பாட்டாச் செருப்பில் வட்டமாக வெட்டிய சில்லு. கென்யாவில் இதே செருப்பு இறப்பரை வைத்து ஓஷன் சோல் என்ற நிறுவனம் ஒட்டகச்சிவிங்கியும் யானையும் செதுக்கி விற்கிறது. கடற்கரையில் ஒதுங்கும் செருப்பைச் சேர்த்துக் கழுவி, அடுக்கடுக்காய் ஒட்டி, கத்தியால் செதுக்குகிறார்கள். அடுக்குக்கு அடுக்கு நிறம் மாறுவதால் வர்ணம் பூசும் வேலையே இல்லை! ஒரு எச்சரிக்கை, கடலோர ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்கு: காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும். பேணியில் எதைச் செய்தாலும் உள்ளும் புறமும் பூச்சுப் பூசாமல் வெளியில் வைக்காதீர்கள்.

சந்திகாரில் வீதிப் பரிசோதகராக இருந்த நேக் சந்த் 1957 இல் தொடங்கி, அரசு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையலையும் பீங்கானையும் வைத்து ஒரு ராச்சியமே கட்டினார், தெரியுமா? அதிகாரிகள் கண்டுபிடித்தபோது சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்கவில்லை. 1976 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்! வளையல் துண்டுகள் ஆயிரம் ஆயிரமாய்ச் சேர்ந்து அங்கே பெண் சிலைகளின் உடுப்பாக நிற்கின்றன. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கொழும்பிலேயே 33 ஆம் ஒழுங்கைக்குப் போகலாம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நாலு சிறிய வீடுகளைப் படிப்படியாக ஒன்றாக்கி அமைத்த தன் வீட்டில், செட்டிநாட்டுப் பழைய மாளிகைத் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். யாரோ இடித்துக் கழித்த தூண்! இன்று அதைப் பார்க்கக் காசு கட்டி உள்ளே போகிறோம்.

2023 ஒக்டோபர் 1 முதல் ஒருதரம் பாவித்து எறியும் சில பிளாஸ்டிக் பொருட்களுக்கு இலங்கையில் தடை. உறிஞ்சுகுழல், கரண்டி, கோப்பை என்று போகும் அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூமாலையும் இருக்கிறது, இடியப்பத் தட்டும் இருக்கிறது! உங்கள் குசினியில் விளிம்பு வெடித்த பின்னல் தட்டு ஏதும் கிடந்தால் எறிய வேண்டாம். அதன் கண்களைப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே இடைவெளி, வரிசை வரிசையாக. புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைத்துத் தந்திருக்கிறார்கள்! மொட்டை முனை ஊசியில் மீந்த கம்பளி நூலைக் கோத்து, நடுக் கண்ணில் தொடங்குங்கள். ஒவ்வொரு கண்ணிலும் குறுக்காக ஒன்று, அதை வெட்டி மற்றொன்று. நடுவில் இருந்து வெளியே போனால்தான் நாலு பக்கமும் சமனாக வரும். ஓரத்தில் தொடங்கினால் கடைசியில் ஒரு கண் மிஞ்சி ஆளைப் பார்த்துச் சிரிக்கும். முடிச்சைப் பின்பக்கம் போட்டு வாலை நாலு தையலுக்கு அடியில் செருகிவிடுங்கள். நூல் பாதியில் தீர்ந்தாலும் பரவாயில்லை, வெளிவட்டக் கண்களை வெறுமையாக விட்டுவிடுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வரும் யன்னலில் மாட்டினால் அவையும் கோலத்தில் சேர்ந்துகொள்ளும்.